உழைப்பாளியின் இரு சக்கரம்

உலக வரலாற்றை எழுதியோர் அரசர் ஏறிய தேர்களையும் தளபதியர் ஏறிய குதிரைகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். விடியற்காலையில் சோற்றுத் தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டு ஆலை வாயிலை நோக்கிப் புறப்பட்ட தொழிலாளி எதில் ஏறிச் சென்றான் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. நம் வாப்பாமார்களும் பாட்டன்மார்களும் மிதிவண்டியை மிதித்துப் பொருளீட்டியே நம்மை ஆளாக்கினர். கடைக்குப் போனவர், பள்ளிக்கூடம் போனவர், துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர், தோல் பதனிடும் தொழிலுக்குப் போனவர் ஆகிய யாவரையும் சுமந்தது அந்த இரு சக்கர வண்டிதான். ஆயினும் அதன் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. அதனைச் சுருக்கமாகவேனும் சொல்லிவைப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள்

1817-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள், ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்னும் பிரபு, மரத்தாலான இரு சக்கர ஊர்தி ஒன்றின்மீது அமர்ந்து புறப்பட்டார். அதற்கு மிதிகட்டை கிடையாது, சங்கிலியும் கிடையாது. இரு கால்களாலும் நிலத்தை உந்தித் தள்ளியே செல்லவேண்டும். எனினும் போகவும் வரவுமாக ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவை ஒரு மணி நேரத்திற்குள் அவர் கடந்தார். இரண்டே சக்கரங்களின்மீது மனிதன் விழாமல் செல்ல இயலும் என்னும் உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தோடு மிதிகட்டையைப் பொருத்தினர். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் ஓடியபோது ஏறியிருந்தவரின் உடல் முழுதும் அதிர்ந்தது. ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்பு குலுக்கி’ என்ற பொருள்படும் பெயரே இட்டனர். அதன் பின்னர் 1870-களில் வந்தது, முன்சக்கரம் ஆள் உயரமும் பின்சக்கரம் சாண் அளவுமாக நின்ற உயர வண்டி. விரைவுக்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஒரு சிறு கல் தடுக்கினாலும் ஏறியவர் தலைகுப்புற விழ நேர்ந்தது. துணிவும் பணமும் ஓய்வும் உடைய இளைஞருக்கே அது உரியதாயிற்று. வேலைக்குப் போகிறவனுக்கு அதில் இடமில்லை.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி. 1885-இல் அவர் அமைத்த ‘ரோவர்’ என்னும் வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவின. மிதிகட்டை நடுவில் இருந்தது. அதன் ஆற்றலைச் சங்கிலி பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்றது. பல்சக்கரங்களின் அளவினாலேயே விரைவு கிடைத்தமையால் பெரிய சக்கரம் தேவையற்றதாயிற்று. ஏறியவரின் கால் நிலத்தைத் தொடும். இன்று நம் தெருவில் ஓடும் மிதிவண்டியின் வடிவம் இதுவே. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை அமைப்பு மாறாதிருக்கும் பொறிகள் உலகில் மிகச் சிலவே உள்ளன.

காற்றடைத்த சக்கரமும் அதன் விலையும்

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். இதே கருத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே உரிமைப் பட்டயம் பெற்றிருந்தார். ஆனால் அவர் காலத்தில் அதனை வாங்குவோர் இல்லை. டன்லப்பின் காலத்திலோ மிதிவண்டி காத்துக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் காற்றடைத்த டயர் உலகெங்கும் பரவியது.

நடப்பவன் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் செல்வான். ஏறத்தாழ அதே உழைப்பில் மிதிவண்டிக்காரன் 15 கிலோமீட்டர் செல்வான். தொலைவு மூன்று மடங்கானால், தன் வீட்டைச் சுற்றி அவன் எட்டக்கூடிய நிலப்பரப்பு ஒன்பது மடங்காகிறது. அதாவது, வேலை தேடும் இடம் ஒன்பது மடங்கு விரிகிறது. ஆலை முதலாளி கட்டிக்கொடுத்த குச்சுவீட்டில்தான் இருக்கவேண்டும், அவர் கொடுத்த கூலியைத்தான் வாங்கவேண்டும் என்ற நிலை தளர்ந்தது. 1890-களின் இறுதியில் வண்டி விலை சரிந்து, பழைய வண்டிகளும் சந்தைக்கு வந்தபோது, ஐரோப்பியத் தொழிலாளியின் கையில் மிதிவண்டி சேர்ந்தது.

ஆனால் அந்த மென்மையான டயருக்கு விலை கொடுத்தவர் வேறு பலர். டயருக்கு வேண்டிய ரப்பர் அன்று காடுகளிலிருந்தே வந்தது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டு தம் சொந்த உடைமையாக வைத்திருந்த காங்கோ நாட்டில், காட்டு ரப்பரைக் கொண்டுவரும்படி கிராமத்தாரை வற்புறுத்தினர், குறித்த அளவு கொண்டுவராதவர் கொடுமைப்படுத்தப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மன்ட்டின் அறிக்கை 1904-இல் வெளிவந்து உலகின் மனச்சாட்சியை உலுக்கியது. 1908-இல் மன்னரின் கையிலிருந்து அந்நாடு பறிக்கப்பட்டது. ஐரோப்பாவில் தொழிலாளி ஒருவன் சுகமாக வேலைக்குச் சென்றதற்கும், ஆப்பிரிக்காவில் மற்றொருவன் கையிழந்ததற்கும் இடையே அந்த ரப்பர்க் குழாய் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காட்டு ரப்பரை அடுத்துத் தோட்ட ரப்பர் வந்தது. 1870-களில் பிரேசில் நாட்டு வித்துக்களிலிருந்து எழுந்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டன. மிதிவண்டி தொடங்கி வைத்த தேவையை மோட்டார் கார் பன்மடங்காக்கவே, மலாயாவின் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால் வெட்டச் சென்றவர் யார்? தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற நம் தமிழ் மக்களே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் பல்லாயிரவர். அதே கப்பல்களில் நம் வணிகரும் சென்றனர். பினாங்குக்கும் நாகூருக்கும் இடையே அதற்கு முன்பிருந்தே உறவு உண்டு. பொழுது புலருமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டிய தமிழரின் உழைப்பு, உலகெங்கும் சுழன்ற சக்கரங்களில் கலந்திருந்தது.

விதியின் திருப்பம் ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மலாயா நெடுகிலும் மிதிவண்டிகளில் ஏறியே தெற்கு நோக்கி விரைந்தது. மக்களின் வண்டிகளைப் பறித்துக்கொண்டனர். டயர் கிழிந்தபோது வெறும் ரிம்மின்மீதே ஓட்டிச் சென்றனர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏழை வேலைக்குப் போகும் வண்டி, படையெடுப்பின் கருவியாகவும் ஆயிற்று.

ஆலைச் சங்கும் மணியோசையும்

நம் நாட்டிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டி இறக்குமதியாயிற்று. முதலில் வெள்ளை அதிகாரிகளும் செல்வரும் வாங்கினர். பிறகு வழக்கறிஞர், ஆசிரியர், எழுத்தர், தந்திச் சேவகர் என்று படிப்படியாக இறங்கி வந்தது. ‘ராலி’, ‘ஹெர்குலிஸ்’, ‘பி.எஸ்.ஏ.’ என்ற ஆங்கிலப் பெயர்கள் நம் சிற்றூர்களிலும் வழங்கின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீடு வந்து, பேருந்துகள் கரிவாயுவில் தள்ளாடி ஓடிய நாட்களில், மிதிவண்டி வைத்திருந்தவர் பிறரை நம்பாமல் தம் வேலையைப் பார்த்தார்.

விடுதலைக்குப் பின்னரே அது உழைப்பாளியின் உடைமையாயிற்று எனலாம். 1949-இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை அமைத்தனர். அம்பத்தூரில் அதன் ஆலை எழுந்தது. 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. உள்நாட்டிலேயே வண்டி உருவாகவே, மாதச் சம்பளக்காரர் தவணை கட்டியாவது வாங்கலாம் என்ற நிலை வந்தது.

சென்னை பெரம்பூரின் பஞ்சாலையும் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், திருச்சியின் பொன்மலைப் பணிமனையும், மதுரை கோவை ஆலைகளும் சங்கு ஊதி வாயிலைத் திறக்கும் வேளையில், சாலை முழுவதும் மிதிவண்டிகளே நிறைந்து வழிந்த காலம் உண்டு. ரயில்வே கேட் மூடப்பட்டால் இருபுறமும் நூறு நூறாகச் சேர்ந்து, கேட் திறந்ததும் ஒரே மணியோசையாய்ப் புறப்படும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் தொழிலுக்குச் சென்ற நம்மவர் பலரும் அவ்வாறு சென்றவர்களே. பத்தமடைக் கோரைப்பாயும், கருவாடும், துணிமணியும் மிதிவண்டியின் கேரியரில் ஏறியே பல சிற்றூர்களை அடைந்தன.

அன்றாட மேடு பள்ளம்

மிதிவண்டியில் வேலைக்குச் செல்வது இன்பமா, துன்பமா என்று கேட்டால், இரண்டும் என்பதே விடை. காலையில் குளிர்ந்த காற்று முகத்தில் படச் செல்வதில் ஓர் உவகை உண்டு. வழியில் தெரிந்தவரைக் கண்டால் ஸலாம் சொல்லி, இணையாக ஓட்டியபடியே நலம் விசாரிக்கலாம். பேருந்துக்காக நிற்கவேண்டுவதில்லை, நடத்துநரிடம் சில்லறைக்கு வாதாடவேண்டுவதில்லை. மிதிவண்டிக்காரன் தன் நேரத்துக்குத் தானே உரியவன்.

ஆனால் எதிர்காற்று என்று ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் மேற்குத் திசை நோக்கி வேலைக்குப் போகிறவரைக் கேட்டால் அவர் சொல்வார். வண்டியின் விரைவு கூடக் கூட, காற்றின் தடை அதைவிடப் பன்மடங்கு கூடும் என்பது இயற்பியல் விதி. மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். மழைக்காலத்தில் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே சேறு அடைத்துக்கொள்ளும். பிரேக் கட்டை நனைந்து பிடிக்காது. கோடையில் தார் இளகும்; சட்டை முதுகில் ஒட்டும். செயின் கழன்றால் கையெல்லாம் கறை. அந்தக் கையோடுதான் அலுவலகத்தில் கோப்பைத் தொடவேண்டும்.

பஞ்சர் என்பதோ நேரம் காலம் பார்ப்பதில்லை. மரத்தடியில் கடை வைத்திருப்பவர் டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார். குமிழி கிளம்பும் இடத்தைக் குச்சியால் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போடுவார். அவரது கைவிரைவைப் பொறுத்தே அன்றைய அரைநாள் சம்பளம் தப்புவதும் போவதும் அமைந்தது. ஆலை வாயில் மூடினால் மூடியதுதான்.

அரசாங்கமும் அவனை விட்டுவைக்கவில்லை. நகராட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டு வரி வாங்கி, அடையாளமாக ஓர் உலோக வில்லையைக் கொடுத்த காலம் இருந்தது. வில்லை இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்துக்கொள்வர். இரவில் விளக்கில்லாமல் சென்றால் அபராதம்; ‘டபுள்ஸ்’ போனால் அபராதம். மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துபோனதைச் சொன்னாலும் காவலர் நம்பவேண்டுமே! பின்னர் சக்கரத்தோடு உராய்ந்து ஒளிதரும் டைனமோ வந்தது. அந்த டைனமோவே 1990-களின் போர்க்காலத்தில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், வானொலிச் செய்தி கேட்க உதவியது. துவிச்சக்கர வண்டி என்று இலங்கைத் தமிழர் வழங்கும் அவ்வண்டியைக் கவிழ்த்துவைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்டனர்.

வண்டி போனால் வேலையும் போம்

சொந்த வண்டி இல்லாதவர் வாடகைக்கு எடுத்தனர். மணிக்கணக்கில் வாடகை, பெயரைக் குறிப்பேட்டில் எழுதி, மணி பார்த்துக் கொடுப்பர். அந்தக் கடைகளின் வண்டிகளில்தான் நம் சிறுவர்கள் குரங்குப் பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டனர். வேலைக்குப் போகிறவரோ வாடகையை நெடுநாள் தாங்க இயலாது. ஆகவே சொந்தமாக ஒரு வண்டி வாங்குவதே பல குடும்பங்களின் முதற்பெரும் செலவாக இருந்தது. அதற்கு இரவில் சங்கிலி போட்டுப் பூட்டினர். திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் தூக்கிவைத்தனர்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியது 1948-இல் இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா இயக்கிய ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் திரைப்படம். போருக்குப் பிந்திய ரோம் நகரில் ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வண்டி இருந்தால்தான் வேலை. அடகிலிருக்கும் வண்டியை மீட்க, அவன் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். முதல் நாளே வண்டி திருட்டுப் போகிறது. மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு நகர் முழுதும் தேடுகிறான். கடைசியில் மனமுடைந்து, தானே ஒரு வண்டியைத் திருடத் துணிந்து பிடிபடுகிறான். ரோமில் நடந்த அக்கதை நம் ஊர்க் கதையாகவே நமக்குத் தோன்றுகிறதென்றால், வறியவனின் வண்டி எங்கும் ஒன்றுதான் என்பதே காரணம்.

பெண்கள் ஏறிய நாள்

இவ்வளவும் சொன்னபோது ஆண்களையே சொன்னோம். பெண்கள் எப்போது ஏறினர்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1890-களிலேயே பெண்கள் மிதிவண்டி ஓட்டத் தொடங்கினர். அதற்குக் கண்டனமும் நிரம்ப எழுந்தது. நம் நாட்டில், நகரங்களின் படித்த குடும்பங்களைத் தாண்டி, சிற்றூர்ப் பெண்களிடம் அது சென்ற வரலாற்றைப் புதுக்கோட்டை எழுதியது.

1991-இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியையும் அதனோடு இணைத்தார். கற்பிக்கச் செல்லும் பெண் தொண்டர் பேருந்தை நம்பியிருந்தால் பணி நடவாது என்பது முதற்காரணம். ஆனால் விளைவு அதனினும் பெரிது. கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலைப் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என்று யாவரும் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவருள் இருந்தனர். கேலி பேசியோர் இருந்தனர். கேலிக்கு அஞ்சாமல் வாடகை வண்டி எடுத்து அவர்கள் பழகினர். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில், வண்டிகளில் கொடி கட்டிக்கொண்டு பெண்கள் நகரை வலம் வந்தனர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊரகப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது, நடுவில் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே வாங்கி, அக்கம்பியின்மேல் குழந்தையை உட்காரவைத்துச் சென்றனர். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் கேரியரில் ஏறின. சந்தைக்குப் போக ஆண்துணையை எதிர்பார்த்த நிலை பலருக்கு மாறியது.

2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் விரிந்தது. இன்று எந்தச் சிற்றூர்ச் சாலையிலும் சீருடையோடு மிதித்துச் செல்லும் பெண்பிள்ளைகளைக் காண்கிறோம். பள்ளி தொலைவு என்று சொல்லி மகளின் படிப்பை நிறுத்துவதற்கு ஒரு காரணம் குறைந்தது.

சாலை யாருக்கு?

இனி, இறங்குமுகத்தையும் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிள் மலிந்ததும் மிதிவண்டி வறுமையின் அடையாளம் என்றாயிற்று. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 சூன் 3-இல் நின்றது. அந்நாள் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த உலக மிதிவண்டி நாள் என்பது கசப்பான ஒற்றுமை. அதே ஆண்டின் ஊரடங்கில், பேருந்தும் ரயிலும் நின்றபோது, வடநாட்டுத் தொழிலாளர் பலர் பழைய மிதிவண்டிகளை வாங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதித்து வீடு சேர்ந்தனர். காயமுற்ற தந்தையைப் பின்னால் அமர்த்தி, 15 வயதுச் சிறுமி ஒருத்தி குருகிராமிலிருந்து பீகார் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றதை நாடே கண்டது.

மிதிவண்டி மறைந்துவிட்டது என்று எண்ணுவோர் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பணிகளில் இருந்தோருள் சுமார் 2.6 கோடிப் பேர், அதாவது 13 விழுக்காட்டினர், மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்றனர். அவர்கள் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர், பால்காரர், செய்தித்தாள் போடுவோர், சிறு ஆலைகளில் பணிபுரிவோர். ஆனால் நம் சாலைகளை அகலப்படுத்தியபோது இவர்களை யாரும் நினைக்கவில்லை. ஓரத்தில் இருந்த மண்பாதையும் போயிற்று. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவர்களுள் மிதிவண்டியில் சென்றோர் ஆயிரக்கணக்கில் அடங்குவர். பின்னால் வரும் லாரியின் ஒலியைக் கேட்டு ஓரம் ஒதுங்க இடமில்லாமல் மாண்டவர் அவருள் எத்தனை பேரோ!

இது மாற்ற இயலாத விதியன்று. நெதர்லாந்து நாட்டிலும் ஒருகாலத்தில் மோட்டார் கார் பெருகி மிதிவண்டி ஒதுக்கப்பட்டது. 1971-இல் மட்டும் அங்கே 3,000-க்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். குழந்தைகள் 400-க்கு மேல். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாதென அரசு ஆணையிட்டபோது, சாலை எவ்வளவு அமைதியாக இருக்கக்கூடும் என்பதை மக்கள் நேரிற் கண்டனர். அதன்பின் தனிப்பாதைகள் எழுந்தன. இன்று அந்நாட்டின் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிதிவண்டியில் நடக்கிறது; அமைச்சரும் அதில் அலுவலகம் செல்கிறார்.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பிரிட்டனில் 2,63,450 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரிடம் அகால மரண வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. நகரத்துச் செல்வர் இதைப் படித்து, விலையுயர்ந்த வண்டி வாங்கி, விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டுகின்றனர். நல்லதே. ஆனால் நலத்துக்காக ஓட்டுகிறவருக்கும், வேறு வழியின்றி ஓட்டுகிறவருக்கும் சாலை ஒன்றே. முன்னவருக்காக எழுகின்ற குரல் பின்னவருக்கும் சேர்த்து எழவேண்டும் என்பதே நாம் விரும்புவது.

நம் வீட்டில் பழைய மிதிவண்டி இருந்தால், அதனைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன், அது யாரை எங்கே சுமந்து சென்றது என்று பெரியோரைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்வோம். ஊராட்சியிலும் நகராட்சியிலும் சாலை போடும் பேச்சு வரும்போது, ஓரத்தில் மிதிவண்டிக்கு மூன்று முழம் இடம் கேட்போம். வாகனம் ஓட்டுகையில் முன்னே ஒருவர் மிதித்துச் செல்லக் கண்டால், ஒலிப்பானை அழுத்தாமல் சற்றே பொறுத்து, விலகிச் செல்வோம். அவரும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவே மிதிக்கிறார்.